கை வைப்பதற்கு முன்னால்

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று யாராவது எடுத்து வந்தால் நான் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதில்லை. உட்காரச் சொல்லி விசாரிப்பேன். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறதா? ஃபேன் சத்தம் கேட்கிறதா? கம்பெனி பெயர் திரையில் வருகிறதா? விளக்கே எரியாவிட்டால் சார்ஜரையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து திரை கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் ரேம் அல்லது டிஸ்பிளே. பெயர் வந்த பிறகு நின்றுவிட்டால் ஹார்ட் டிஸ்க்கோ விண்டோஸோ. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ரேடியோ காலத்துப் பழக்கம் இது. வால்வு ரேடியோ ஊமையாகிவிட்டால், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து, அதன் கம்பியை விரலால் தொடுவார். ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று கேட்டால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை சரி, கோளாறு அதற்கு முன்னால். கேட்காவிட்டால் பின்னால். ஒரே தொடலில் பாதி ரேடியோவை ஒதுக்கிவிடுவார். பக்கத்தில் நிற்கும் எனக்கோ கண்ணில் படுகிற வால்வையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வயது அப்படி. "ஒரு தடவைக்கு ஒண்ணை மாத்துடா. ரெண்டை மாத்தி ஓடிச்சுன்னா எதனால ஓடிச்சுன்னு உனக்கே தெரியாது" என்பார்.

போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் இருந்தது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம்; பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்ததை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சில நாள் திரையே வராதாம், சில நாள் பெயர் வரை வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமாம்.

"கடையில பார்மட் போட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்க தாத்தா. அம்மாவோட குழுக் கணக்கு முழுக்க இதுலதான் இருக்கு."

"வேற எங்கயும் எடுத்து வச்சிருக்கியாம்மா?"

"இல்ல தாத்தா."

பார்மட் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். மெஷினைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மகளிர் குழுவில் யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை எந்தக் கடையில் வாங்குவது? உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் பழுது பார்க்க இறங்கவே கூடாது. இது என் முடிவான கருத்து.

முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். சில மெஷின்கள் இதிலேயே எழுந்துகொள்ளும். இது எழவில்லை. பின்மூடியைத் திறந்தேன். ரேமின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கியதும் அது லேசாக மேலே எழும்பியது. ஓரத்துத் தங்க நிறப் பட்டைகள் மங்கிக் கிடந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு (வாயால் ஊதினால் ஈரம் படும்), சாய்வாகச் செருகி அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் திரை வந்தது.

வட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் பண்ணக் கூடாது. டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தால் ஒவ்வொரு முயற்சியும் அதன் மிச்ச ஆயுளைத் தின்னும். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, என் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஃபோல்டர்கள் திறக்க நெடுநேரம் எடுத்தன. பொறுத்திருந்து, கணக்கை முதலில் எடுத்தோம், பிறகு படங்களை. புது லேப்டாப்பாக இருந்தால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

பழைய டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம் என்று சொல்லி, எஸ்எஸ்டி வாங்கிவரச் சொன்னேன். அதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கே ஓடியதால், போர்டில் இருந்த 3 வோல்ட் காசு பேட்டரியையும் மாற்றினேன். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில மாடலில் அது வயரோடு வரும். கழற்றியதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள்.