மின்கலத்தின் மறுவாழ்வு

மின்தடை ஏற்பட்ட மறுகணமே கணினியும் அணைந்துவிட்டால்தான், யுபிஎஸ் கருவிக்குள் ஒரு மின்கலம் இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. செங்கல் அளவேயான அந்தக் கனத்த கறுப்புப் பெட்டி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் காத்திருந்தது; ஒருநாள் ஓசையின்றியே ஓய்ந்தும் போனது. அதைத் தூக்கி எறிவதா, உயிர்ப்பிக்க முயல்வதா என்னும் கேள்வி சிக்கனத்தோடு மட்டும் தொடர்புடையதன்று. மனித உயிர்களின் நலனும் அதில் அடங்கியுள்ளது.

காரீய அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலறிஞர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் மின்கலம் அதுவே. அதன் நேர்மின் தகட்டில் காரீய டை ஆக்சைடும், எதிர்மின் தகட்டில் காரீயமும் உள்ளன. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் தோய்ந்திருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் மெல்ல நீராகிறது. மின்னேற்றும்போது இவ்வினை அப்படியே திரும்புகிறது. ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட் மின்கலமாகும்.

பழைய மின்கலங்களுக்கு அவ்வப்போது வாலைவடிநீர் ஊற்ற வேண்டியிருந்தது. மூடியிட்ட வகையில் அந்தத் தொல்லை இல்லை. அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சப்பட்டோ, கூழாக இறுகியோ இருக்கிறது. நேர்மின் தகட்டில் தோன்றும் ஆக்சிஜன் எதிர்மின் தகட்டை அடைந்து மீண்டும் நீராகிறது. வாயு மிகுந்தால் மட்டுமே சிறு இரப்பர் மூடிகள் திறந்து அதை வெளியேற்றுகின்றன. ‘பராமரிப்புத் தேவையில்லை’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. மக்களோ அதனை ‘மறந்துவிடலாம்’ என்று பொருள்கொண்டுவிடுகின்றனர்.

மின்கலம் மடிவதற்கு முதன்மையான காரணங்கள் மூன்று. மின்சாரம் தீர்ந்த நிலையில் பலநாள் கிடந்தால், தகட்டில் படிந்த மென்மையான சல்பேட் பெரிய படிகங்களாக வளர்ந்து இறுகிவிடும்; பின்னர் அது எளிதில் கரைவதில்லை. அளவுக்கு மீறி மின்னேற்றினாலும், வெப்பம் மிகுந்த இடத்தில் வைத்தாலும் உள்ளிருக்கும் நீர் வற்றிவிடும். மூன்றாவது, தகட்டின் காரீயச் சட்டமே அரிக்கப்பட்டுச் சிதைவது. முதல் இரண்டும் நோய் எனலாம், மூன்றாவது முதுமை. நோய்க்கு ஓரளவு மருந்து உண்டு, முதுமைக்கு மருந்தில்லை.

ஆகவே, உயிர்ப்பிக்க முயலும் பழுதுநீக்குநர் முதலில் மருத்துவரைப் போல நோயின் காரணத்தைத் தேடுகிறார். பெட்டி உப்பியிருந்தாலோ, வெடித்துக் கசிந்திருந்தாலோ அப்போதே ஒதுக்கிவிடுகிறார். பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார். நன்கு மின்னேறிய மின்கலம் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்ட வேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் 10.5 வோல்ட்டுக்கு மேல் எழாவிட்டால் ஆறில் ஓர் அறை செயலிழந்திருக்கலாம். அதற்குமேல் போராடுவது வீண்.

இறுகிய சல்பேட்டைக் கரைக்கப் பொறுமை வேண்டும். தொடக்கத்தில் மின்கலம் மின்னோட்டத்தை ஏற்கவே மறுக்கும். மிகக் குறைந்த மின்னோட்டத்தை மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் செலுத்தியபடி, பெட்டி சூடேறுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் அவர். நீர் வற்றியிருந்தால் மேல்தகட்டை நெம்பி, இரப்பர் மூடிகளை எடுத்து, ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு வாலைவடிநீர் விடுவதும் உண்டு. இழந்தது நீரே, அமிலமன்று. அதனால் அமிலம் ஊற்றுவது கேட்டையே விளைவிக்கும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிப்படலாம். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஒரு தீப்பொறி வெடிப்பை உண்டாக்கும். காற்றோட்டமும் கண்காப்பும் கையுறையும் தேர்ந்த கையும் இன்றி இம்முயற்சியில் இறங்குதல் தகாது.

சில நாள்களுக்குப் பின் முள் 12.6 வோல்ட்டைத் தொடும்போது எழும் மகிழ்ச்சி பெரிது. எனினும் அந்த எண் ஏமாற்றக்கூடியது. சும்மா இருக்கையில் முழு மின்னழுத்தம் காட்டும் மின்கலம், ஒரு விளக்கை இணைத்தவுடன் சரிந்துவிடலாம். 7 ஆம்பியர் மணி கொண்ட புதிய மின்கலம் 0.35 ஆம்பியர் மின்னோட்டத்தை 20 மணி நேரம் தர வல்லது. உயிர்த்தெழுந்தது ஐந்து மணி நேரமே தருமாயின், மீண்டது கால் பங்குதான். நிமிர்ந்து நிற்பதால் மட்டும் ஒருவரின் வலிமையை அறிய முடியாது. சுமையை ஏற்றிய பிறகே அது தெரியும்.

இந்தக் கால் பங்கு உயிரை எங்கே வைப்பது என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. மேசை விளக்கிற்கோ, சோதனைக்கூடச் செய்முறைக்கோ அது போதும். மருத்துவக் கருவியிலும் தீயறிவிப்பு மணியிலும் மின்தூக்கியின் அவசர விளக்கிலும் அதைப் பொருத்துவது பெரும்பிழை. உழைக்காத மின்கலம் தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பாதி உழைக்கும் மின்கலமோ வேண்டிய வேளையில் கைவிடுகிறது.

முயற்சி தோற்றபின் மின்கலம் எங்கே செல்கிறது? அதன் எடையில் பெரும்பகுதி காரீயம். முறையான ஆலையில் அதை மீட்டுப் புதிய மின்கலம் செய்யலாம். முறையற்ற இடங்களில் பெட்டியை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் காரீயத்தை உருக்குகின்றனர். செனகல் நாட்டின் தக்கார் நகரை அடுத்த ஒரு குடியிருப்பில், இத்தகைய தொழிலால் நஞ்சேறிய மண்ணின் நடுவே வாழ்ந்த 18 குழந்தைகள் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே உயிரிழந்தனர். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் குலைக்கிறது. உடலில் அதற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் விதிகளும், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பழையதைக் கடையில் கொடுத்துப் புதியதை வாங்குவோர் அறிந்தோ அறியாமலோ அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாகின்றனர். கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டு உரிமமற்ற உருக்குவோரிடம் தருவோர் அச்சங்கிலியை அறுக்கின்றனர்.

உயிர்ப்பித்தலைவிட எளிது, மடியாமல் காத்தல். மின்சாரம் தீர்ந்த மின்கலத்தை அப்படியே விடாமல் உடனே மின்னேற்ற வேண்டும். பயன்படுத்தாமல் வைத்திருப்பதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மின்னேற்றிவர வேண்டும். வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. உழைப்பால் தேய்ந்து மடியும் மின்கலங்கள் தம் கடமையை முடித்தவை. கவனிப்பாரின்றி இறுகிப்போனவையே பழுதுநீக்குநரின் மேசையில் மறுவாழ்வு வேண்டிக் காத்துக் கிடக்கின்றன.