மார்கழிச் சரக்கு

மெஸ்ஸுக்குக் காய் எடுக்கப் பழக வரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வது, மார்கழியில் சீட்டு எழுதிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகாதே என்பதுதான். எனக்கு இதைப் பழக்கியவர் எங்கள் சரக்கு மாஸ்டர். நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து நான் திரும்பும்வரை அடுப்பில் பருப்பு மட்டும் வெந்துகொண்டிருக்கும். “லே, என்ன காய் வந்திருக்குன்னு சொல்லு. பொறவு என்ன வைக்கணும்னு நான் சொல்லுதேன்” என்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முருங்கைப் பூ உதிர்ந்துவிடும். மார்கழியில் அந்தக் காயைத் தேடி அலைவது வீண். நாட்டு அவரையும் மொச்சையும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆகவே பனிக்காலத்தில் அவை குவியும். சாம்பாருக்கு அவரை, புளிக்குழம்புக்குப் பச்சை மொச்சை. மொச்சைக்கு விலை பேசுமுன் இரண்டு காயை உரித்துப் பாருங்கள். தோல் பசுமையாக இருந்தும் உள்ளே பருப்புப் பிடிக்காத காய் உண்டு. உரித்தபின் என்ன தேறும் என்பதை வைத்துத்தான் விலை.

சிறுகிழங்குதான் கையைச் சோதிக்கும் சரக்கு. ஆடி, ஆவணியில் நட்டது மார்கழியில்தான் வெட்டுக்கு வரும். நகத்தால் கீறினால் தோல் எளிதாகக் கழல வேண்டும். வாடிய கிழங்கு தோலை விடாது. ஈரமண் அப்பியிருந்தால் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம். என்னிடம் பழகிய ஒரு பையன், பளிச்சென்று இருக்கிறதே என்று கழுவிய கிழங்கை மூட்டையாக எடுத்துவந்தான். மூட்டைக்குள் வெக்கை கட்டி, அடிக்கிழங்கெல்லாம் கொழகொழத்துவிட்டது. மாஸ்டர் திட்டவில்லை. தேறியதைப் பொறுக்கி அன்றைய பொரியலுக்குக் கொடுத்துவிட்டு, மண்ணோடு வாங்கிய கிழங்கை நிழலில் சாக்கு விரித்துப் பரப்பிக் காட்டினார். தோல் எடுப்பதும் அவர் முறைதான்: தண்ணீரில் ஊறவைத்து, சாக்குப் பையில் கட்டி, கல் தரையில் புரட்டித் தேய்க்க வேண்டும். கத்தி வைத்தால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். மிச்சத்தை விரலால் பொறுமையாக உரிக்கத்தான் வேண்டும். அப்போது விரலில் பிடிக்கும் கறை லேசில் போகாது.

பொங்கலுக்கு முந்தின நாட்களில் ஊரே படையலுக்குக் கிழங்கு வாங்கும். அந்த நாட்களுக்கு வேண்டியதைப் பாவூர்சத்திரம் பக்கத்து விவசாயிகளிடம் முன்பே சொல்லிவைத்து, இறக்கும்போதே பணத்தைக் கொடுத்துவிடுவேன். காசை இழுத்தடிப்பவருக்கு அவர்கள் ஏன் நல்ல கிழங்கைத் தர வேண்டும்? பொங்கல் கழிந்ததும் விலை இறங்கும். நன்றாக விளைந்த கிழங்கும் அப்போது வரும். தை மாதக் கல்யாண ஆர்டர்களுக்கு நான் எடுப்பது அதைத்தான்.