அக்காள் விட்டுச் சென்றவை

உடன்பிறந்த அக்காளை அடக்கம் செய்த ஆயர் ஒருவர், அவரது வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார். அவர் நிசா நகர்ப் புனித கிரகோரியார். அக்காள் புனித மக்ரீனா. இன்றைய துருக்கி நாட்டில், பெரிய குடும்பமொன்றின் தலைப்பிள்ளை. தந்தை இறந்தபின் தாயாருக்குத் துணைநின்று, கடைக்குட்டி பேதுருவை வளர்த்தவர். கல்விச் செருக்கோடு வீடு திரும்பிய தம்பி பசிலியாரைத் துறவுக்குத் திருப்பியவரும் அவரே.

379ஆம் ஆண்டில் கிரகோரியார் வந்தபோது, அக்காள் தரையில் பலகைமேல் கிடந்தார். காலமான பசிலியாரைப் பற்றிய பேச்சு எழவே தம்பி கலங்கினார். சாகக் கிடந்தவரே தேற்றினார்! உயிர் பிரிந்ததும், அடக்கத்திற்கு நல்லாடை உண்டா என வினவினார் தம்பி. போர்வை, முக்காடு, தேய்ந்த காலணிகள். இவையே அவருடைய உடைமை என்றார் உடனிருந்த பெண்மணி. கிரகோரியார் தந்த ஆடையை உடுத்தி, அதன்மேல் தாயாரின் கரும்போர்வையைப் போர்த்தினார்கள். தாம் வாய்விட்டு அழுததையும் ஆயர் மறைக்கவில்லை. எங்களுக்கு அதுவே பெரும் ஆறுதல்.

எங்கள் அக்காளும் திருமணம் வேண்டாமென்று எங்களை ஆளாக்கியவர். முப்பதாம் நாள் திருப்பலிக்குப்பின் அவரது தகரப்பெட்டியைத் திறந்தோம். மூன்று நூற்சேலைகள், மணி தேய்ந்த செபமாலை, எங்கள் நால்வரின் பள்ளியிறுதி மதிப்பெண் பட்டியல்கள். அடியில் ஓர் அடகுச் சீட்டு: இரண்டு வளையல்கள், தம்பி கல்லூரியில் சேர்ந்த அதே மாதம். வளையல்களைத் தொலைத்துவிட்டதாகவே அக்காள் கூறியிருந்தார். சீட்டைக் கையில் வாங்கிய தம்பி, நெடுநேரம் கிணற்றடியில் நின்றிருந்தான். நாங்கள் எவரும் அவனை அழைக்கவில்லை.