ஆட்காட்டிக் குஞ்சுகள்

நாமக்கல்லுக்குக் கிழக்கே, கொல்லிமலை தெரியும் மேட்டுப்பாங்கில் என் பாட்டனாருக்குச் சிறிது நிலக்கடலைக் காடு இருந்தது. நான் பள்ளி விடுமுறைக்குச் சென்றிருந்த ஒரு வைகாசியில் கோடை மழை பெய்தது. ஈரம் காய்வதற்குள் உழவேண்டும் என்று, கூலிக்கு ஏர் பேசிக் கொண்டுவந்தார் பாட்டனார்.

ஏர் மேட்டோரத்தை நெருங்கியபோது ஆட்காட்டிகள் இரண்டு எங்கள் தலைக்குமேல் பறந்து கதறின. அவற்றுள் ஒன்று தொலைவில் இறங்கி, ஓடுவதும் நிற்பதுமாகக் கூவியது. நான் அதன் பின்னே ஓடினேன்.

“கத்துகிற பக்கம் போகாதே, கண்ணு! அது உன்னை ஏய்க்கிறது. காலடியைப் பார்” என்றார் பாட்டனார்.

பார்த்தேன். கூழாங்கற்களே தெரிந்தன. அவற்றுள் ஒரு கல்லுக்குக் கண் இருந்தது!

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரைப் பள்ளத்தில் மண்நிறமும் கரும்புள்ளியும் கொண்ட மூன்று நான்கு முட்டைகளை இடும். வெயில் கடுமையானால் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கும். காக்கைக் குஞ்சு இறகின்றிக் கண்மூடிப் பிறக்கிறது; ஆட்காட்டிக் குஞ்சோ பிறந்த அன்றே நடந்து, தானே பூச்சி பொறுக்கும். ஆனால் பறப்பதற்குப் பல வாரங்கள் செல்லும். அதுவரை பெற்றோரின் குரலே அதற்குக் காவல். எச்சரிக்கும் குரல் கேட்டால் படுத்துக் கல்லாகிவிடும்.

தென்கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவின் அரசப் பென்குவின் குஞ்சுகளைப்பற்றிப் பிற்காலத்தில் படித்தேன். பழுப்புக் கம்பளி போர்த்தியவைபோல அவை கூட்டமாக நிற்குமாம். பெருங்கூச்சலிடையே தன் பெற்றோரின் குரலை அறிந்து ஒவ்வொன்றும் ஓடிவருமாம். அங்கே தரையில் நரியும் கீரியும் இல்லை, ஓடிவரலாம். இங்கே அசையாதிருந்தால்தான் உயிர்.

நான் அந்தக் குஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். அது திமிறவில்லை, நெஞ்சு மட்டும் என் உள்ளங்கையில் படபடத்தது.

“கீழே விடு. மற்றவை எங்கே கிடக்கின்றனவோ!” என்று பாட்டனார் ஏரை நிறுத்தினார். உழவர் முகம் சுளித்தார். மூவரும் வேப்பமர நிழலுக்குச் சென்றோம். வெயில் ஏற ஏற ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. வெகுநேரத்திற்குப் பின் கதறல் அடங்கி, மெல்லிய குரலொன்று எழுந்தது. நான்கு கற்கள் எழுந்து, வரப்பைத் தாண்டி நடந்தன!

அன்று இருட்டும்வரை உழுதும் காடு முடியவில்லை. மறுநாளும் ஏர்க்கூலி கொடுக்கவேண்டியதாயிற்று. காரணம் கேட்ட பாட்டியிடம், “மாடு களைத்துவிட்டது” என்றார் பாட்டனார், என்னைப் பாராமலே.