40,000 ரூபாவுக்கு எவ்வளவு வானம்?

"ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு என்னத்துக்குத் தொலைநோக்கி?" நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து ஒன்று வாங்கப்போறம் என்றதும் கம்பஸில் வந்த முதல் கேள்வி இது.

யாழ்ப்பாணத்தில் வானம் பார்க்கிறது ஒரு பீடத்துக்கு மட்டும் எழுதிக் குடுத்த காணி இல்லை. 1829 மார்ச்சில் சந்திர கிரகணக் கணக்கை வைத்து அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவரும் மோதிக்கொண்டார்கள். இந்து வானியல் பற்றிய ஹொய்சிங்டனின் நூல் 1848இல் இங்கேயே அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சானது. 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்த காலத்தில் அதைப் பற்றி எழுதிய காரைநகர் அலன் ஆபிரகாம், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர்.

இடையில்தான் வானம் மாறிப்போனது. அம்மாக்களிடம் கேட்டால் பொம்மர், கிபிர், பரா லைட் என்றுதான் சொல்லுவினம். மேலே வெளிச்சம் தெரிந்தால் பங்கருக்குள் ஓடின சனம் அது. விடிவெள்ளியும் ஆறாமீனும் அம்மம்மாக்களோடு நின்றுவிட்டன. எங்களுக்குக் காட்டித்தர ஆளில்லை. அதனால்தான் எங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை.

மஹாபொல, ரியூசன் குடுத்த காசு எல்லாம் சேர்த்து 40,000 ரூபா. முதல் போன கடையில் ஒரு பெட்டியைக் காட்டி, "தம்பியவை, இது 525 மடங்கு பெருப்பிக்கும்" என்றார்கள். பெட்டியில் பெரிசாக எழுதியிருக்கிற அந்த இலக்கத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. பார்க்கவேண்டியது முன்வில்லையின் விட்டம். இருட்டில் எங்கட கண்மணி விரிவது ஏறத்தாழ 7 மி.மீ. 70 மி.மீ. வில்லை அதைவிடப் பத்து மடங்கு அகலம், அதாவது நூறு மடங்கு வெளிச்சம். உருப்பெருக்கத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: குவியத்தூரம் 700 மி.மீ. என்றால், 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. விட்டத்தை இரண்டால் பெருக்கினால் வாற 140 மடங்குதான் பயன்படக்கூடிய எல்லை. அதுக்கு மேலே போனால் படம் பெரிசாகும், ஆனால் மங்கிக் கலங்கிப் போகும்.

எங்களுக்குள் சண்டை வந்தது மூன்று சாமானுக்கு. ஒன்று 10x50 பைனாகுலர். விலை குறைவு, கழுத்தில் தொங்கவிடலாம், நிலவின் பள்ளங்களும் ஆறாமீனும் வடிவாகத் தெரியும். ஆனால் 10 மடங்கில் சனியின் வளையம் பிரிந்து தெரியாது. இரண்டாவது 114 மி.மீ. கண்ணாடித் தொலைநோக்கி. வெளிச்சம் கூட. ஆனால் அது நின்றது ஈக்வற்றோரியல் மவுண்டில். அந்த மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்கவேணும். நாங்கள் இருக்கிறதோ வட அகலக்கோடு 10 பாகைக்கும் கீழே. இங்கே துருவ நட்சத்திரம் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்கவேணும், மலிவான மவுண்டுகளில் கனக்க அவ்வளவுக்குப் பணியாது.

கடைசியில் தீர்த்துவைத்தது வேறொரு விசயம். எங்களில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். இரவு பத்து மணிக்குக் கசூரினா கடற்கரைக்கு எண்டால் வீட்டில விடாயினம். அப்போ வானம்தான் அவையின்ரை முற்றத்துக்குப் போகவேணும், அதுவும் மோட்டார்சைக்கிளில். 70 மி.மீ. வில்லை, மேல் கீழ், இடம் வலம் என்று மட்டும் திரும்பும் எளிய மவுண்ட், கொஞ்சம் தடித்த கால்கள். 34,000 ரூபா முடிஞ்சுது.

மிச்சக் காசை பார்லோவுக்கோ ஐபீஸ் பெட்டிக்கோ குடுக்கவில்லை. காற்றுப் போகாத ஒரு பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வாங்கினம். உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் பிறகு ஒன்றும் செய்யேலாது. டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டினம், இருட்டுக்குப் பழகின கண் கெடாமல் இருக்க. ஸ்டெல்லேரியம் போனில் இலவசம்.

ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லவேணும். சில மலிவுப் பெட்டிகளில் ஐபீஸில் பூட்டுகிற சின்னச் சூரிய வடிகட்டி ஒன்று வரும். அதைக் குப்பையில் போடுங்கோ. சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணம் மாதிரி ஒன்று திரும்ப வந்தாலும், சரியான வடிகட்டியை முன்வில்லைக்குத்தான் போடவேணும்.

2025 மார்ச்சில் சனியின் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டி நின்றது. இனி வருசம் வருசமாக விரியும், அவசரமில்லை. வியாழனின் நாலு நிலவுகளுக்கு 28 மடங்கே போதும். வைகாசி முன்னிரவில் தெற்குச் சிலுவையும் தெரியும், ஐரோப்பாவில் இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு அது கிடையாது.

இப்போது தொலைநோக்கி ஒரு வீட்டில் ஒரு கிழமை என்று சுற்றுகிறது. மழை விட்டதும் தை, மாசி இரவுகளில் ஓரியன் நெபுலா உச்சிக்குக் கிட்ட நிற்கும். முற்றமும் கொஞ்ச இருட்டும் இருந்தால் சொல்லுங்கோ, கொண்டு வாறம். வீட்டில் இருக்கிற பெரிய ஆக்களையும் வெளியில கூப்பிடுங்கோ, முதல் அவை பார்க்கட்டும்.