வடநாட்டு ஜன்னலில் ஒரு செருப்புப் பூ

செருப்பு ஆர்க்கிட்டின் கீழிதழ் சிறு பைபோல, பார்ப்பதற்குக் காலணியின் முன்பகுதிபோல இருக்கும். தேன் கிடைக்கும் என்று இறங்கும் பூச்சி அதற்குள் வழுக்கி விழும். அங்கே தேன் கிடையாது. பின்பக்கத்துக் குறுகிய வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. தன் வேலையை முடித்துக்கொள்ள இப்படியொரு ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பூவைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

டென்மார்க்குக்குச் சொந்தமாகவே ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. ஃப்ரூஎஸ்கோ, அதாவது சீமாட்டியின் காலணி என்பது அங்கே அதன் பெயர். வட ஜட்லாந்தின் ஹிம்மர்லாந்தில், ரோல்ட் ஸ்கோவ் காட்டின் சுண்ணாம்பு மண்ணில், மே கடைசியிலும் ஜூனிலும் மஞ்சள் பையும் செம்பழுப்பு இதழ்களுமாகப் பூக்கும். நாட்டில் அது இயற்கையாக வளரும் இடங்கள் மிகக் குறைவு. அதன் தூசி போன்ற விதையில் உணவுச் சேமிப்பே இல்லை. மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும், பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். டென்மார்க்கின் காட்டு ஆர்க்கிட்கள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பறிப்பதும் தோண்டுவதும் குற்றம்.

வீட்டு ஜன்னலுக்கு ஏற்றது இதன் ஆசிய உறவான பாஃபியோபெடிலம். அந்த உறவின் கதையிலும் ஒரு டேனியர் இருக்கிறார். 1786இல் கோபன்ஹேகனில் பிறந்த நதானியேல் வாலிச், ஹூக்ளி ஆற்றங்கரையில் டேனியர் வசமிருந்த செராம்பூருக்கு 1807இல் மருத்துவராக வந்தார். தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனியக் கொடி பறந்த ஊர். பிறகு கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற வாலிச், சில்ஹெட்டை ஒட்டிய மலைகளின் செருப்பு ஆர்க்கிட்களை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். அவற்றில் வெனுஸ்டம் என்ற இனம் 1820இலும் இன்சிக்னே 1821இலும் பெயர் பெற்றன. இன்சிக்னே இன்றும் புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல செடி. தென்னிந்தியாவுக்கு உரியது அகத்தியமலையின் ட்ரூரி இனம் ஒன்றுதான். ஆசைப்பட்டவர்கள் அள்ளிச் சென்றதில் காட்டில் அது அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. பாஃபியோபெடிலங்கள் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளன. பண்ணையில் வளர்ந்த கலப்பினத்தை வாங்குவதே நியாயம். பிழைப்பதும் அதுவே.

கோபன்ஹேகனில் டிசம்பர் பகல் ஏறக்குறைய 7 மணி நேரம். ஜூனில் 17 மணி நேரத்துக்கும் மேல். வெயில் வேண்டிய செடிக்கு இது கொடுமை. செருப்பு ஆர்க்கிட்டோ காட்டுத் தரையில் மர நிழலில் வாழ்ந்து பழகியது. அக்டோபர் முதல் மார்ச் வரை தெற்கு ஜன்னலின் மெலிந்த வெயில் அதற்குப் போதும். கோடையில் கிழக்கு ஜன்னலுக்கோ மெல்லிய திரைக்குப் பின்னாலோ மாற்றிவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து ஜன்னலுக்குக் கீழேயுள்ள வெப்பமூட்டியிலிருந்து வருகிறது. அதன் உலர்ந்த காற்று மொட்டைக் கருக்கிவிடும். அகலத் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் அடி நனையாதபடி மேலே வைத்தால் சுற்றிலும் ஈரப்பதம் கொஞ்சம் கூடும்.

தண்ணீர்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. மற்ற பல ஆர்க்கிட்களைப்போல இதற்கு நீரைச் சேமிக்கும் தடித்த தண்டு இல்லை. ஆகவே வேர் முழுக்கக் காயவும் கூடாது, ஊறிக் கிடக்கவும் கூடாது. வாரம் ஒருமுறை, குளிர்காலத்தில் இன்னும் சற்றுத் தள்ளி, காலையில் தாராளமாக ஊற்றி முழுவதும் வடியவிட வேண்டும். இலைகளின் நடுவே நீர் தங்கினால் குருத்து அழுகும். டென்மார்க்கின் குழாய் நீர் நிலத்தடி நீர். கோபன்ஹேகன் பக்கம் மிகக் கடினமானது, மேற்கு ஜட்லாந்தில் மென்மையானது. கடின நீரின் உப்பு வேரில் படிய, இலை நுனி பழுப்பாகும். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் இதற்கு நல்ல மாற்று. உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு கரைத்தால் போதும்.

தொட்டியில் மண் வேண்டாம். பைன் மரப்பட்டைத் துண்டுகளோடு பெர்லைட்டும் கொஞ்சம் கரியும் கலந்து, வேர் கொள்ளுமளவு சிறிய தொட்டியில் வைக்க வேண்டும். பட்டை மக்கிப் புளித்தால் வேர் போய்விடும் என்பதால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, பூ முடிந்ததும், கலவையை மாற்றிவிட வேண்டும்.

பூக்காத செடியைப் பற்றிய கவலை பெரும்பாலும் அதன் இயல்பை அறியாததால் வருவது. வாழைபோலத்தான் இதுவும். ஓர் இலைக்கொத்து ஒருமுறைதான் பூக்கும். பக்கத்தில் விடும் கன்று வளர்ந்து அடுத்த பூவைத் தரும். கன்று முற்ற ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அதனால் வாங்கும்போதே இரண்டு மூன்று இலைக்கொத்துகள் உள்ள செடியைத் தேர்வது நல்லது. கொத்தை ஆசையாகப் பிரித்து நாலு தொட்டியாக்கினால் பூ தள்ளிப்போகும்.

வெப்பமும் இனத்துக்கு இனம் மாறும். புள்ளியும் திட்டுமாக இலையுள்ளவை வெதுவெதுப்பை விரும்பும். இரவில் 16 முதல் 18 பாகை வரை அவற்றுக்கு இதம். இன்சிக்னேபோன்ற வெறும் பச்சை இலைக்காரருக்கு இலையுதிர்காலத்தில் 10 முதல் 13 பாகைக் குளிர் இரவுகள் கிடைத்தால்தான் மொட்டு கட்டும். வெப்பமூட்டியை அணைத்து வைக்கும் படுக்கையறை ஜன்னல் அதற்குச் சரியான இடம். கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிரே அங்கே உதவிக்கு வருகிறது.

மொட்டு எட்டிப்பார்த்தபின் தொட்டியைத் திருப்பக் கூடாது, காம்பு கோணிவிடும். விரிந்த பூ ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். சில அதற்கும் மேல். வாடியதும் காம்பை அடியில் வெட்டிவிட்டு, பக்கக் கன்று எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு இடம் இருக்கும்படி தொட்டி மாற்ற வேண்டும்.