கேள்வியும் கமமும்

திருகோணமலை என்றதும் பலர் மனத்தில் எழுவது அதன் இயற்கைத் துறைமுகமே. ஆயினும், துறைமுகத்துக்குத் தென்மேற்கே கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்வெளி அம்மாவட்டத்தின் மற்றொரு முகமாகும். அத்தகைய வயல்வெளியிலே புதிய விதைநெல்லொன்று வரும்போது, ஒருவர் அதனை உடனே ஏற்க, அடுத்த வரம்புக்காரர் தயங்கி நிற்பதேன்? கல்வியின்மை, பழமைப்பற்று என்று விடை கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று.

வள்ளுவர் ‘கேள்வி’யை 42ஆம் அதிகாரமாகவும் ‘அறிவுடைமை’யை 43ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். கேட்டல், வினாவுதல் ஆகிய இரண்டையும் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் தமிழில் உணர்த்துகின்றது. கமத்தொழிலுக்கு இவ்விரண்டும் வேண்டும். சிந்தியாது கேட்பவர் ஏவலாளர் ஆவார். கேளாது சிந்திப்பவர் தம் வரம்புக்குள்ளேயே நின்றுவிடுவார்.

1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த எச்-4 நெல்லினம் இதற்குத் தக்க சான்று. உள்நாட்டு முருங்கக்காயனையும் இந்தோனேசிய மாஸ் இனத்தையும் கலந்து பெறப்பட்ட அது, பழைய இனங்களிலும் மிகுந்த விளைவைத் தந்தது. ஆனால் அது நெடிது வளரும் பயிர். தழைச்சத்து மிகுந்தால் சாய்ந்துவிடும். ‘பசளை இட்டால் விளையும்’ என்பதை மட்டும் கேட்டவர் அளவின்றி இடக்கூடும், ‘எவ்வளவு, எப்போது?’ என்று வினவியவரே முழுப் பயன் பெறுவார். தண்டு தடித்த குட்டை இனங்கள் பின்னரே பரவின.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோளம் பரவிய வரலாற்றை ஆராய்ந்து றையன், குறோஸ் என்போர் 1943இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டும். அங்கே முதற்செய்தியைப் பெரிதும் கொணர்ந்தவர் விதை விற்பனையாளர். மனத்தைத் துணியச் செய்தவரோ அயலவர். விவசாயிகள் முதலில் சிறு நிலத்திலே பயிரிட்டுப் பார்த்து, ஆண்டுதோறும் பரப்பைக் கூட்டினர். அத்தயக்கத்தை அறியாமை எனலாமா? அது சோதனையாகும்.

ஆலோசனை கட்டளையானால் நேர்வதை இலங்கை 2021இல் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சிறு துண்டு நிலத்தில் சோதித்தறிய விவசாயிக்கு ஒரு போகமேனும் வாய்க்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், அடுத்த பெரும்போக விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளையின் நன்மையை முன்னரே உணர்ந்திருந்தவர்கூட அதன்மேல் ஐயங்கொள்ள நேர்ந்தது.

எனவே, ஆலோசனையை ஏற்கும் மனம் கமக்காரரிடம் மட்டும் வேண்டப்படுவதன்று. எந்த வயலில் நீர் தங்கும், எந்த மூலையில் உவர் ஏறும் என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டிய கடன் விவசாயப் போதனாசிரியருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் உண்டு. கேட்கப்பட்டவரே கேட்பார். வரம்பின் இருபுறத்தும் கேள்வி இருக்குமாயின், புதிய விதை வயலில் மட்டுமன்றி மனத்திலும் வேரூன்றும்.